முன்னோடிப் பெண்கள்: எந்தப் படியில் முதல்? – வாசகர் கேள்வி, பதில்

இதழியல், சட்டம், அரசியல் ஆகிய துறைகளில் முதலில் நுழைந்த பெண்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் கார்னீலியா சொராப்ஜி என்று ஒரு புத்தகம் சொல்கிறது. இன்னொன்றில் மிதான் டாட்டா. ரெஜினா குஹா என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். ஆண்டு மலரில் யார் பெயரைப் போடுவது?
– சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: மூவரையும் போடலாம். யாருக்கு எந்தப் படி என்று சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் வந்த பிறகுதான் எல்லோரும் ஒரே தரத்து 'அட்வகேட்' ஆனார்கள். அதற்கு முன்பு கீழ்க் கோர்ட்டுகளில் ப்ளீடர், உயர் நீதிமன்றத்தில் வக்கீல், லண்டனில் படித்து வந்தால் பாரிஸ்டர் என்று தனித்தனி வகுப்புகள். ஒவ்வொன்றிலும் முதலில் நுழைந்த பெண் வேறு வேறு ஆள்.

கால வரிசையில் முதலில் வருபவர் கார்னீலியா. 1866இல் நாசிக்கில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் சட்டம் படித்து 1892இல் பி.சி.எல். என்ற சட்டப் பட்டத்துக்கான தேர்வு எழுதினார். பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை என்பது அன்றைய விதி. அதனால் பட்டம் கைக்கு வந்தது 1922இல். இடையில் 1904 முதல் வங்காளத்தில் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற அரசுத் துறையில் பர்தாவுக்குள் வாழ்ந்த ஜமீன் பெண்களின் சொத்து விவகாரங்களுக்கு ஆலோசகராக இருந்தார். அந்தப் பெண்கள் வெளி ஆண்களிடம் பேச முடியாது. இவரால் கோர்ட்டில் எழுந்து வாதாட முடியாது. சட்டம் தெரிந்தவர், சட்டத் தொழிலில் பதிவு இல்லாதவர். இந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

ரெஜினா குஹா கல்கத்தாவில் பி.எல். என்ற சட்டப் படிப்பை முடித்து, 1916இல் அலிப்பூர் கோர்ட்டில் ப்ளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். விஷயம் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் போனது. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஆண்பாலில்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஆண்பால் என்றால் பெண்பாலும் அடக்கம் என்று பொது விளக்கச் சட்டம் சொல்கிறது. வழக்கே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. சட்டம் இயற்றியவர்கள் பெண்களை மனதில் வைத்திருக்கவே இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா கேட்டபோதும் அதே பதில்தான். ஆகவே ரெஜினா குஹாவை 'முதல் வழக்கறிஞர்' என்று எழுதக் கூடாது. உரிமை கேட்டு நீதிமன்றம் போன முன்னோடி என்று எழுதுங்கள். அதுவே பெரிய விஷயம்.

1921 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கார்னீலியாவை வக்கீலாகப் பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயது 54. ஒரு மாகாணத்தில் கதவு திறந்தும் பக்கத்து மாகாணத்தில் மூடியும் இருந்த இந்தக் குழப்பம் 1923இல் தீர்ந்தது. அந்த ஆண்டின் 23ஆம் எண் சட்டம், பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் சட்டத் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று சொன்னது. மிதான் டாட்டா (பின்னாளில் மிதான் லாம்) அதே 1923இல் லண்டனில் 'லிங்கன்ஸ் இன்' என்ற வழக்கறிஞர் சங்கத்தில் பாரிஸ்டராகி, பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். அங்கே முதல் பெண் பாரிஸ்டர் அவர்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் பதிவு செய்த பெண் ஆனந்தாபாய், ஆண்டு 1929.

மலரில் தவறு வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். படித்து முடித்த ஆண்டு, பட்டம் பெற்ற ஆண்டு, பதிவு செய்த ஆண்டு, வாதாடத் தொடங்கிய ஆண்டு எல்லாவற்றையும் ஒரே ஆண்டாக எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இந்த நான்கையும் தனித்தனிக் கட்டத்தில் நிரப்பிப் பாருங்கள். காலியாக நிற்கும் கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுங்கள். கார்னீலியாவுக்கு 1892, 1921, 1922 என்று மூன்று ஆண்டுகள் வெவ்வேறு கட்டங்களில் விழும். இணையத்தில் அவரைப் பற்றி நடக்கும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளிப் பலகையில் 'தேர்தலில் வென்ற முதல் பெண் எம்.எல்.ஏ. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை 1929இல் ஒழித்தவர்' என்று எழுதியிருக்கிறது. சரிதானா?
– ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: அவர் பிறந்த ஊரிலேயே இந்தப் பலகை இருக்கிறது என்றால் கட்டாயம் திருத்துங்கள். ஒரு வரியில் மூன்று பிழைகள்.

முதலாவது, அவர் தேர்தலில் நிற்கவில்லை. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தருவதை மாகாணங்களின் விருப்பத்துக்கு விட்டது. சென்னை மாகாணம் 1921இல் தந்தது. அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். அவையில் உறுப்பினராக உட்காரும் உரிமை 1926இல்தான் வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூர்ப் பக்கம் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அதன் பிறகு அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைக்க, அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. அவையின் துணைத் தலைவராக உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல் துணைத் தலைவர் பதவிக்குப் பொருந்தும், உறுப்பினர் பதவிக்குப் பொருந்தாது. பிழை பிறந்த இடம் இதுதான்.

இரண்டாவது, எம்.எல்.ஏ., அதாவது லெஜிஸ்லேட்டிவ் அசெம்ப்ளி உறுப்பினர் என்பது. 1937 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது ஒரே அவை, லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில். கீழே இன்னொரு அவையே இல்லாதபோது அதை 'மேலவை' என்று எழுதுவதும் பொருந்தாது. 'சென்னை மாகாண சட்டசபையின் நியமன உறுப்பினர், 1926. அதன் முதல் பெண் துணைத் தலைவர்' என்று எழுதினால் போதும்.

மூன்றாவது, தேவதாசிச் சட்டம். 1929இல் நிறைவேறியது இந்து அறநிலையச் சட்டத்துக்கான ஒரு திருத்தம். கோயில் பணிக்காகத் தரப்பட்ட இனாம் நிலத்தை அந்தப் பணியிலிருந்து பிரித்து, நிலம் அந்தப் பெண்ணுக்கே தங்கும்படி அது செய்தது. தொழிலை விட்டால் நிலம் போய்விடும் என்ற பிடியை முதலில் தளர்த்தினால்தான் மற்றது நடக்கும் என்பது அவருடைய கணக்கு. சட்டம் செய்கிறவர்கள் படித்துப் பார்க்க வேண்டிய வரிசை இது. பொட்டுக்கட்டுவதையே, அதாவது பெண்ணைக் கோயிலுக்குத் தேவதாசியாக்கும் சடங்கையே தடுக்கும் மசோதாவை அடுத்துக் கொண்டு வந்தார். அதற்குள் 1930இல் காந்தி கைதானார். அதைக் கண்டித்துப் பதவி விலகினார். தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதனால் '1929இல் இனாம் நிலத்தை விடுவிக்கும் திருத்தம். 1947இல் பொட்டுக்கட்டுதல் தடைச் சட்டம்' என்று இரண்டையும் பலகையில் எழுதுங்கள்.

ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலப் பதிவுகளில் அவர் பெயரின் கடைசி எழுத்து ஒய் என்றும் இருக்கும், ஐ என்றும் இருக்கும். மின் நூலகங்களில் ஒரே வடிவத்தைத் தட்டினால் மற்றது கண்ணில் படாது. இரண்டையும் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: ருக்மிணி லட்சுமிபதியும் ருக்மிணி தேவியும் ஒருவரா?
– வாசகர், வேலூர்

பதில்: இல்லை. ருக்மிணி லட்சுமிபதி 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். 1937இல் சென்னை சட்டமன்றத்தின் துணை சபாநாயகர், 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். எழும்பூரில் முன்பு மார்ஷல்ஸ் ரோடாக இருந்த சாலைக்கு இப்போது அவர் பெயர். ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவை நிறுவியவர். 1952இல் மாநிலங்களவைக்கு நியமனமாகி, விலங்குவதைத் தடுப்புக்காக அங்கே வாதாடியவர்; 1960இல் வந்த சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு உண்டு. படம் எடுக்கும்போது கவனம். தேடுபொறி இருவர் படத்தையும் கலந்து கொடுக்கும்.

கேள்வி: தமிழில் முதல் பெண் பத்திரிகை ஆசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாள்தானே? பழைய இதழ்களில் யார் ஆசிரியர் என்று எப்படி உறுதி செய்வது?
– ஆய்வு மாணவர், மதுரை

பதில்: வை.மு.கோ.வுக்கு முன்பே பெண்கள் ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். 'தமிழ் மாது' இதழை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய கோ. ஸ்வப்னேஸ்வரி அம்மாள், 'பெண் கல்வி' இதழின் ரேவு தாயாரம்மாள் ஆகியோரைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. இன்னொரு பக்கம், பெண்களுக்கான இதழ் எல்லாம் பெண் நடத்திய இதழ் அல்ல. 1905இல் தொடங்கிய 'சக்ரவர்த்தினி' பெண்கள் முன்னேற்றத்துக்கான மாத இதழ், ஆசிரியர் பாரதியார்.

வை.மு.கோ.வின் இடம் வேறு. 'ஜகன்மோகினி'யை 1925இல் ஏற்றுக் கொண்டு, ஆசிரியர், வெளியீட்டாளர், முக்கிய எழுத்தாளர் என எல்லாமுமாக இருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நடத்தினார். நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். ஆரம்பத்தில் தாமே எழுதப் பழகாமல், சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதும் உண்டு. தேதியை மட்டும் வைத்து இவரை முதல் என்பதைவிட, சந்தாவை நம்பி ஒரு பெண் சொந்தமாக இத்தனை காலம் ஓட்டிய இதழ் என்பதைச் சொன்னால் ஆள் எத்தனை பெரியவர் என்பது தெரியும்.

உறுதி செய்யும் வழிக்கு வருவோம். 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு அச்சுப் பிரதியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும். (அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டது.) இந்த வரி கடைசிப் பக்கத்தின் அடியிலோ மேலட்டையின் உள்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். முகப்பில் இருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வரியைப் படியுங்கள். வழக்கு என்று வந்தால் போலீஸ் தேடிப் போவது இந்த வரியில் இருப்பவரைத்தான். 1933 அக்டோபர் 29ஆம் தேதி 'குடி அரசு' தலையங்கத்துக்காக ராஜதுரோக வழக்கு வந்தபோது ஆசிரியர் பெரியாரோடு அவருடைய தங்கை கண்ணம்மாளும் தண்டனை பெற்றார். காரணம், வெளியீட்டாளர் என்று அச்சானது அவர் பெயர். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா'வுக்கு 1916இல் 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டு, அதைப் பறிமுதல் செய்து, மறுபடி 10,000 ரூபாய் கேட்டார்கள். அவற்றையும் அவர்தான் கட்ட வேண்டியிருந்தது. பெயரைக் கொடுப்பது சும்மா மரியாதைக்கு என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள்.

நூலகத்தில் ஒரு சிக்கல் எப்போதும் வரும். பழைய இதழ்களை ஆண்டுத் தொகுதியாக பைண்ட் செய்தவர்கள் அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துப் போட்டுவிட்டுத் தைத்திருப்பார்கள். வெளியீட்டாளர் வரி அட்டையில் இருந்தால் அதுவும் அதோடு போய்விட்டது. அப்போது பைண்ட் ஆகாத உதிரிப் பிரதியைத் தேடுங்கள். ஒரு நூலகத்தில் தொகுதி இருந்தால் இன்னொன்றில் உதிரி கிடைக்கும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம், அதே வளாகத்தில் மறைமலை அடிகள் நூலகம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம், இந்த நான்கிலும் பட்டியலை ஒப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். இதழே கிடைக்காவிட்டால் அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிட்ட அச்சு நூல் பட்டியலைக் கேளுங்கள். வெளியிட்டவர், அச்சகம், விலை, அச்சிட்ட படிகள் எல்லாம் அதில் உண்டு.

அடுத்த வழுக்கல், தமிழ் ஆண்டு. 'குரோதன வருஷம் தை' என்று இருந்தால் 1925 என்று எழுதிவிடக் கூடாது. குரோதன 1925 ஏப்ரலில் தொடங்குவதால் அதன் தை 1926 ஜனவரியில் வரும். மார்கழியே பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அறுபது ஆண்டுச் சுழற்சியும் உண்டு. விசுவாவசு என்றால் 1905, 1965, 2025 மூன்றும் பொருந்தும். தாளையும் விலையையும் விளம்பரத்தையும் பார்த்துத்தான் எது என்று சொல்ல வேண்டும். அணாவில் விலை இருந்தால் 1965 கழிந்துவிடும்.

கடைசியாக, பெண் பெயரில் ஆண்கள் எழுதிய புனைபெயர்கள் ஏராளம். ஒரு கட்டுரையின் அடியில் பெண் பெயர் இருப்பதை மட்டும் வைத்து 'முன்னோடிப் பெண் எழுத்தாளர்' பட்டியலில் ஏற்றாதீர்கள். அதே பெயரில் கடிதமோ, கூட்டச் செய்தியோ, படமோ வேறொரு இடத்தில் கிடைக்கும் வரை ஏட்டோரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வர் ஜெயலலிதா என்று என் மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். வி.என். ஜானகி இல்லையா?
– குடும்பத் தலைவி, சேலம்

பதில்: ஜானகிதான். 1988 ஜனவரி 7 முதல் 30 வரை பதவியில் இருந்தார். பொதுத் தேர்தலில் கட்சியை வெற்றி பெறச் செய்து முதல்வரான முதல் பெண் ஜெயலலிதா. பதவியேற்றது 1991 ஜூன் 24. வினாத்தாளில் 'முதல் பெண் முதல்வர்' என்று மட்டும் இருந்தால் விடை ஜானகி. இந்திய அளவில் கேட்டால் 1963இல் உத்தரப் பிரதேசத்தில் பதவியேற்ற சுசேதா கிருபளானி.

கேள்வி: சட்டம், இதழியல், அரசியல் மூன்றிலும் கால்பதித்த ஒருவரைப் பற்றி மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டும். யாரை எடுக்கலாம்?
– மகளிர் மன்றச் செயலாளர், நாகர்கோவில்

பதில்: உங்கள் ஊரில் கேட்பவர்களுக்குத் திருவிதாங்கூர் நெருக்கம். அன்னா சாண்டியை எடுங்கள். 1905இல் பிறந்தவர். கேரளத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண். 'ஸ்ரீமதி' என்ற மலையாள இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். பெண்களுக்கு அரசு வேலை ஏன் வேண்டும் என்று அதில் எழுதினார். திருவிதாங்கூரின் மக்கள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபைத் தேர்தலில் முதல் முறை தோற்று, அடுத்த முறை வென்றார். 1937இல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் முன்சீப் (கீழ்க் கோர்ட் நீதிபதி) ஆனார், 1948இல் மாவட்ட நீதிபதி, 1959 பிப்ரவரி 9இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதியாக எலிசபெத் லேன் வந்தது 1965இல். இந்த ஒப்பீடு ஒன்றைச் சொன்னாலே சபை நிமிர்ந்து உட்காரும்.

'பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் நீதிபதி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கனடாவில் எமிலி மர்ஃபி 1916இலேயே மாஜிஸ்திரேட் ஆகிவிட்டார். அன்னா சாண்டிக்கு 'இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண்' என்பதே போதும். அவருக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெண் போக 30 ஆண்டுகள் ஆயின. 1989 அக்டோபர் 6இல் எம். ஃபாத்திமா பீவி பொறுப்பேற்றார். பிறகு நம் மாநிலத்துக்கு ஆளுநராக வந்தாரே, அவர்தான்.

சென்னையை ஒட்டிய ஆள் வேண்டுமானால் துர்காபாய் தேஷ்முக். சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவியவர், 'ஆந்திர மகிளா' இதழின் ஆசிரியர், சிறையிலிருந்து வந்து படித்துச் சென்னையில் வழக்கறிஞரானவர், அரசியல் நிர்ணய சபையின் 15 பெண் உறுப்பினர்களில் ஒருவர். நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் அச்சாகியிருப்பதால் அவர் பேசியதை அவர் வார்த்தைகளிலேயே எடுத்துக்காட்டலாம். பத்து நிமிடம் என்றால் ஏறத்தாழ ஆயிரம் சொல். ஒருவரை மட்டும் பேசுங்கள். ஐந்து பேரைப் பேசினால் பெயரும் ஆண்டும் மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: சிறையில் இருக்கும் கைதியைப் பேட்டி எடுக்க பத்திரிகைக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு வாங்கியவர் ஒரு பெண் நிருபர் என்கிறார்களே?
– இதழியல் மாணவி, கோவை

பதில்: பிரபா தத். 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் தலைமை நிருபர். தூக்குத் தண்டனை பெற்றுத் திகார் சிறையில் இருந்த பில்லா, ரங்கா இருவரையும் பேட்டி எடுக்க அனுமதி மறுத்தபோது நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1981 நவம்பரில் தீர்ப்பு. 'உரிமை உண்டு' என்று மொட்டையாக எழுதினால் மதிப்பெண் போகும். பத்திரிகையின் உரிமை எல்லையற்றதல்ல என்று நீதிமன்றம் முதலில் சொன்னது. கைதிக்குச் சம்மதம் இருக்க வேண்டும். சம்மதம் இருக்கும்போது மறுப்பதானால் வலுவான காரணம் வேண்டும், அதை எழுத்தில் பதிய வேண்டும். அந்த வழக்கில் அப்படிக் காரணம் எதுவும் காட்டவில்லை என்பதால் அனுமதி கிடைத்தது. இன்றும் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதும்போது இந்த வரிசையில் எழுதுவதுதான் பலன் தரும். முதலில் கைதியின் சம்மதக் கடிதம், பிறகு கேள்விகள் எதைப் பற்றியவை என்ற விவரம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி ஒரு வேண்டுகோள்.

கேள்வி: எங்கள் கிளை நூலகத்தில் முன்னோடிப் பெண்கள் பற்றிப் படக் கண்காட்சி வைக்கிறோம். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?
– நூலக வாசகர் வட்டம், தஞ்சாவூர்

பதில்: எத்தனை பலகை என்பதைவிட ஒரு பலகையில் எத்தனை சொல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டடிக்கு மூன்றடி பலகையில் 80 சொல்லுக்கு மேல் போனால் நின்று படிக்க மாட்டார்கள். எழுத்து 36 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். படம் பன்னிரண்டு அங்குல அகலத்தில் வருவதானால் குறைந்தது 1,800 பிக்சல் அகலம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தபால்தலை அளவுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ கணினியில் வண்ணம் ஏற்றிய வடிவத்தைப் போடாதீர்கள். புடவை நிறம் ஊகம்தான். நாளை அதையே வரலாறு என்று எடுத்துக்கொள்வார்கள்.

எழுத்துரு பெரிய தலைவலி. நீங்கள் யூனிகோடில் தட்டுவீர்கள், அச்சகத்தில் பாமினியோ வேறு பழைய எழுத்துருவோ இருக்கும். மாற்றும்போது 'ஸ்ரீ', 'க்ஷ' உடையும். ஒகர ஓகாரக் கொம்பு இடம் மாறும். பி.டி.எஃப். ஆக்கி, எழுத்துகளை வடிவமாக மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பலகையை மட்டும் ஏ4 தாளில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்கு ஒப்புதல் கொடுங்கள்.

உரிமை விஷயம். எழுத்துக்கு, எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை காப்புரிமை. வை.மு.கோ. 1960இல் இறந்தார், 2021 முதல் அவர் எழுத்தைத் தாராளமாக எடுத்துப் போடலாம். முத்துலட்சுமி ரெட்டி 1968இல் இறந்தார். பொதுவிதிப்படி 2028 முடியும் வரை நீண்ட பகுதிகளுக்கு வாரிசுகளிடம் அனுமதி கேட்க வேண்டும், சில வரி மேற்கோளுக்கு வேண்டாம். நீதிமன்றத் தீர்ப்பையும் அரசிதழில் வந்ததையும் பலகையில் போடத் தடை இல்லை. ரெஜினா குஹா தீர்ப்பின் ஒரு பத்தியைத் தமிழில் பெயர்த்துப் பெரிய எழுத்தில் மாட்டுங்கள். படங்களைவிட அதற்கு முன்தான் கூட்டம் நிற்கும்.

பெயரை முழுதாக எழுதுங்கள். 'திருமதி லட்சுமிபதி' என்று போட்டால் யார் என்று தேட முடியாது. இது சின்ன விஷயமல்ல. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிந்ததால் வந்த வினை அது.

கேள்வி: எங்கள் ஊரில் 1960களில் வக்கீலாகப் பதிவு செய்த அம்மா ஒருவர் இருக்கிறார். அவரைப் பேச வைத்துப் பதிவு செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?
– இளம் வழக்கறிஞர், கும்பகோணம்

பதில்: முதல் சந்திப்புக்குக் கருவி எதையும் எடுத்துப் போகாதீர்கள். பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், பழைய டைரி, வழக்குக் குறிப்பு, குழுப் புகைப்படம், கிடைக்கிற எதையும் பார்க்க மட்டும் கேளுங்கள். பதிவு எண்ணோடு ஆண்டும் இருக்கும். நினைவிலிருந்து சொல்லும் ஆண்டு இரண்டு மூன்று முன்பின் போவது சகஜம். ஓய்வு பெற்ற பெண் நிருபராக இருந்தால் வெட்டி ஒட்டிய செய்திகளைக் கேளுங்கள். அந்தக் காலச் செய்திகள் 'நமது நிருபர்' என்றே வந்தன. எது தாம் எழுதியது என்பதை அவர்தான் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டக் காட்ட பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு நாளில் மின்விசிறியை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் சட்டையில் மாட்டும் மைக் அவசியம். போனில் பதிவு செய்வதானால் ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு நிமிடம் பேசிப் பார்த்துக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். வயதானவரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டெழுத ஆறு மணி நேரமாவது ஆகும். அதையும் கணக்கில் வையுங்கள்.

'பெண் என்பதால் என்ன கஷ்டப்பட்டீர்கள்?' என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். முதல் வழக்கில் எதிர்த் தரப்பு வக்கீல் யார், கோர்ட்டில் எந்த அறையில் உட்கார்ந்தீர்கள், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே இருந்தது, கட்சிக்காரர் முதல் ஃபீஸை உங்கள் கையில் கொடுத்தாரா சீனியர் கையில் கொடுத்தாரா, கவுன் யாரிடம் தைத்தீர்கள் என்று கேளுங்கள். கஷ்டம் தானாக வரும். கட்சிக்காரர் பெயரும் வழக்கின் அந்தரங்கமும் வாய் தவறி வந்தால், வெளியிடும் பிரதியிலிருந்து அவற்றை நீக்கிவிடுவதாக முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கறிஞர் தொழிலின் ரகசியக் கடமை ஓய்வுக்குப் பிறகும் இருக்கிறது.

முடித்ததும் அன்றே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம், எந்தப் பகுதியை மூடி வைக்க வேண்டும் என்று மூன்றே வரி போதும். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று உங்கள் பார் அசோசியேஷன் நூலகத்துக்கு, ஒன்று உங்களிடம். கோப்பின் பெயரில் அவர் பெயர், ஊர், பேட்டியைப் பதிவு செய்த தேதி மூன்றும் இருக்கட்டும். 'அம்மா பேட்டி பைனல் 2' என்று வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே எது என்று தெரியாது.